விமானங்களைப் பற்றி எதை வாசிக்கலாம், எதை விடலாம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாராம். விமானம், விமானிகள், போர் விமானங்கள் பற்றி நல்ல புத்தகங்கள் வேண்டும். ஆங்கிலம் ஓரளவுதான். இலங்கை விமானப் படையின் கிபிர் போர் விமானம் பற்றியும் அறிய ஆசை. கொழும்பில் ஒரு கடையில் கண்ட, படம் போட்ட பெரிய போர் விமானக் கலைக்களஞ்சியத்தை வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். உச்ச வேகம் எவ்வளவு, இறக்கை எத்தனை மீட்டர், எத்தனை கிலோ குண்டு தூக்கும் என்ற அட்டவணைகள்தான் அதில் இருக்கும். அதெல்லாம் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கும். அந்தக் காசுக்கு வாசிக்கக்கூடிய புத்தகம் இரண்டு மூன்று எடுக்கலாம்.

நான் வளைகுடாவில் விமானப் பராமரிப்பில் இருந்தவன், விமானியில்லை. என்னுடைய ருசி ஸ்பானர் பக்கம் கொஞ்சம் சாயும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானிகள் எழுதிய புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. எழுதுகிறவர்தான் கதாநாயகன். மேலே முகிலுக்குள் நடந்ததற்கு வேறு சாட்சியும் இராது. 1940 செப்டம்பர் 15ஆம் திகதி பிரித்தானிய விமானிகள் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டது. போருக்குப் பிறகு ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தால் அன்று விழுந்தது ஏறக்குறைய 60. யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் தனதென்று எண்ணுவார்கள், அவ்வளவுதான். அதனால் நான் யாருக்கும் ஒற்றைப் புத்தகம் சொல்வதில்லை. ஒன்றைச் சொன்னால், அதைச் சோதித்துப் பார்க்கிற இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன்.

ஆங்கிலம் ஓரளவு என்பதால் ரோல்ட் டாலின் 'கோயிங் சோலோ'விலிருந்து தொடங்குங்கள். சாக்லட் தொழிற்சாலைக் கதை எழுதிய அதே ஆள்தான். 1986இல் வந்த புத்தகம். வசனங்கள் குறுகியவை, அகராதி அதிகம் தேவைப்படாது. கிழக்கு ஆபிரிக்காவில் எண்ணெய்க் கம்பனியில் வேலைக்குப் போனவர் போர் வந்ததும் நைரோபியில் விமானப் படையில் சேர்கிறார். ஆறரை அடி உயர மனிதன், பயிற்சி விமானமான டைகர் மொத்தின் சின்னஞ்சிறு இருக்கைக்குள் மடங்கி உட்கார்ந்து பழகுகிறார். 1940 செப்டம்பரில் கிளாடியேற்றர் என்ற இரட்டை இறக்கை விமானத்தோடு லிபியப் பாலைவனத்தில் விழுந்து மண்டை உடைகிறது. கண் பார்வை சில காலம் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி, மறுகா கிரேக்கத்துக்குப் போய் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டுகிறார். அங்கே எதிரி விமானங்களின் தொகைக்கு முன்னால் இவர்களுடையது ஒன்றுமேயில்லை. காலையில் கூட இருந்து சாப்பிட்டவன் பின்னேரம் இல்லை என்பதை அவர் ஒப்பாரி வைக்காமல் எழுதுவார்.

இதைச் சோதிக்கிற சாட்சியும் டாலேதான். 1942இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இதே விபத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'லிபியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டேன்' என்ற பொருளில் இருந்தது. புத்தகத்திலோ யாரும் சுடவில்லை. தளம் இருக்கும் இடத்தைப் பிழையாகச் சொல்லி அனுப்பினார்கள், பொழுதுபட்டது, எரிபொருள் குறைந்தது, மணலில் இறக்கப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையில் 44 வருடம். போர்க்காலத்தில் வெளிவரும் விமானிக் கதையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

அடுத்தது எங்கட கடல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கரைக்கு நேரே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1919இல் கடலில் இறக்கினார்கள், ஆனால் வேலை முடிந்து 1924இல் சேவைக்கு வருவதற்குள் ஜப்பான்காரன் தன்னுடையதை முந்தி முடித்துவிட்டான். முழுகிய அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை என்பதுதான் கொடுமை. அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைக் கரையில் நின்றன. திருகோணமலையைத் தாக்க வருகிறார்கள் என்று தெரிந்து இரவோடிரவாகத் தெற்கே அனுப்பிய கப்பல், திரும்பி வருகையில் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. காலை பத்தரைக்குப் பிறகு குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இருபது நிமிடம் அளவில் எல்லாம் முடிந்தது. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் போனது. வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் பக்கத்தில் நின்றபடியால்தான் ஏறக்குறைய 600 பேர் தப்பினார்கள். ஹேர்மிஸ் இன்றும் 50 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண சுழியோடிகள் இறங்கும் ஆழமில்லை, தனிப் பயிற்சி எடுத்தவர்களே போவார்கள்.

இந்த வாரத்தைப் பற்றிய புத்தகம் மைக்கல் டொம்லின்சனின் 'த மோஸ்ட் டேஞ்சரஸ் மொமென்ட்' (1976). அவர் அந்த நாட்களில் இலங்கையில் பிரித்தானிய விமானப் படையின் புலனாய்வு அதிகாரியாக இருந்தவர், இரத்மலானையும் திருகோணமலையும் அவருக்கு நேரில் பழக்கம். கொக்கலையிலிருந்து கற்றலினா கடல் விமானத்தில் புறப்பட்ட கனேடியர் லெனார்ட் பேர்ச்சல், ஏப்ரல் 4ஆம் திகதி பின்னேரம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுடப்பட்டு விழுவதற்குள் செய்தி அனுப்பிய கதை அதில் விரிவாக உண்டு. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கி ஹரிக்கேன்களை நிறுத்தி வைத்ததும் உண்டு. ஜப்பானியருக்கு அந்தத் திடல் தெரியாது.

டொம்லின்சன் பிரித்தானியக் கண்ணால் பார்க்கிறார். மறுபக்கம் வேண்டுமே. இலங்கையைத் தாக்கிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிடா, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் போனவரும் அவரே. அவர் ஒகுமியா என்ற இன்னொரு ஜப்பானிய அதிகாரியோடு சேர்ந்து, பசிபிக்கில் நடந்த மிட்வே கடற்சண்டை பற்றி எழுதிய புத்தகம் 1955இல் ஆங்கிலத்தில் வந்தது. இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் அக்காகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், மிட்வேயில் அழிந்தன. அப்போது புச்சிடா குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து அக்காகியின் மேல்தளத்தில் பார்வையாளராக நின்றார். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எங்கள் விமானங்கள் எல்லாம் கிளம்பியிருக்கும், அதற்குள் அமெரிக்கக் குண்டுகள் விழுந்துவிட்டன என்று எழுதினார். ஐம்பது வருடம் உலகம் அதை நம்பியது, எல்லாப் புத்தகமும் அதையே திருப்பிச் சொல்லியது.

2005இல் ஜொனதன் பார்ஷலும் அந்தனி டலியும் 'ஷட்டர்ட் சுவோர்ட்' எழுதினார்கள். அவர்கள் செய்தது ஒரு கணக்கப்பிள்ளை வேலை. ஜப்பானியக் கப்பல்களின் பறப்புப் பதிவேடுகளை எடுத்து, எந்த விமானம் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசைப்படுத்தினார்கள். காவல் விமானங்கள் கடைசி வரை அந்தத் தளங்களில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கின்றன. விமானம் இறங்கும் தளத்தில் தாக்குதல் விமானங்களை நிரப்பி நிறுத்த முடியாது. அவை இன்னும் கீழ்த்தட்டில்தான் நின்றன. புச்சிடாவின் ஐந்து நிமிடம் அத்தோடு போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு விமானத்தை லிஃப்டில் ஏற்ற, எஞ்சினைச் சூடாக்க, குண்டு மாட்ட எவ்வளவு நேரம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக வரும். எனக்கு அதெல்லாம் பாயாசம். உங்களுக்கு அலுத்தால் அந்தப் பக்கங்களைத் தாண்டுங்கள், குற்றமில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள், முதலில் புச்சிடா, பிறகு மற்றது. இந்த முழுப் பதிலிலும் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.

ஜப்பானிய விமானி சபுரோ சக்காயின் 'சாமுராய்!' (1957) பற்றியும் யாராவது சொல்வார்கள். தலையில் குண்டுக் காயத்தோடு, ஒரு கண் தெரியாமல், குவாடல்கனாலிலிருந்து ரபாவுல் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தன் ஸீரோ போர் விமானத்தை ஓட்டி வந்தது உண்மை, அந்த அத்தியாயம் மூச்சு விடாமல் வாசிக்க வைக்கும். மற்றபடி அதில் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கைடினின் கைவண்ணம் அதிகம். 64 விமானம் வீழ்த்தியதாகச் சொல்லும் கணக்கை ஜப்பானியப் பதிவுகள் தாங்குவதில்லை. நாவலாக வாசிக்கலாம்.

இனிக் கணிதப் பிரிவுப் பிள்ளைக்குரியது. வொல்ப்காங் லாங்கவீஷவின் 'ஸ்டிக் அண்ட் றடர்' 1944இல் வந்தது, இன்றும் அச்சில் இருக்கிறது. எழுதியவர் சோதனை விமானி. சூத்திரம் ஒன்றுமில்லாமல், விமானி கையால் உணர்வதைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்குவார். அவர் சுற்றிச் சுற்றிச் சொல்வது ஒரே விடயம்: காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைக் கவனி. மூக்கு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது வேறு, அந்தக் கோணம் வேறு. கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தூக்குவிசை சரியும். இதை ஸ்டோல் என்பார்கள். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள், எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதிலிருந்து மீள, விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை இன்னும் கீழே தள்ள வேண்டும். மனித மனம் அதற்கு எதிர்மாறாகத்தான் கையை இழுக்கும்.

1944இல் எழுதிய இந்தப் பாடம் 2009 ஜூன் 1ஆம் திகதி அத்திலாந்திக்கின் மேல் வேண்டியிருந்தது. ரியோவிலிருந்து பாரிஸ் போன எயார் பிரான்ஸ் 447இல் வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, தன்னியக்க ஓட்டி கைவிட்டது, விமானத்தைக் கையிலெடுத்தவர் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய 38,000 அடியில் ஸ்டோல் ஆன விமானம், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க, மூன்றரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். பிரெஞ்சு விசாரணைப் பிரிவின் இறுதி அறிக்கை 2012இல் வந்தது, இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லாங்கவீஷவை முடித்த கையோடு அதை வாசியுங்கள். விபத்து அறிக்கைகளில் கதாநாயகன் கிடையாது, அதுதான் அவற்றின் சிறப்பு. யாரையும் தூக்கில் போடுவதும் அவற்றின் வேலையில்லை. எனக்கு வேலையில் உதவியவை புத்தகங்களைவிட இந்த அறிக்கைகள்தான்.

லாங்கவீஷவிலும் பிழை இல்லாமலில்லை. எதிர்கால விமானங்களில் றடர், அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் செட்டை, அதற்கான மிதியே இராது என்று நம்பினார். இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா விமானத்திலும் இருக்கிறது. பெரிய ஜெட்களைப் பற்றியும் அதில் எதுவுமில்லை. அந்த இடைவெளிக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிடும் விமானிக் கைநூலைப் பதிவிறக்குங்கள். சதம் செலவில்லை, படங்களோடு இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு அதில் விளங்காத பக்கம் குறைவு.

பொறியியல் பக்கம் ஆசை வந்தால் பென் ரிச்சின் 'ஸ்கங்க் வேர்க்ஸ்' (1994). லொக்ஹீட் கம்பனியின் இரகசியப் பட்டறையை நடத்தியவர் எழுதியது. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த கரும்பறவை (எஸ்.ஆர்-71) வேவு விமானத்தின் உடம்பு டைட்டேனியம். அதில் பெரும்பங்கை, யாரை வேவு பார்க்க அந்த விமானத்தைக் கட்டினார்களோ அந்தச் சோவியத் நாட்டிலிருந்தே இடைக் கம்பனிகள் மூலம் வாங்கினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பட்டறைச் செய்தி. கோடையில் வெல்டிங் செய்து ஒட்டிய பாகங்கள் சீக்கிரம் பழுதாகின்றன, குளிர்காலத்தில் ஒட்டியவை நிலைக்கின்றன. ஏனென்று தேடினால், கோடையில் பாசி பிடிக்காமல் ஊர்த் தண்ணீரில் குளோரின் கூட்டுகிறார்கள், அந்தத் தண்ணீரில் கழுவியதுதான் காரணம். கட்மியம் பூசிய ஸ்பானர் பட்ட ஆணிகளின் தலை சூட்டில் கழன்று விழுந்தது. அந்த ஸ்பானர்களையெல்லாம் அள்ளி எறிந்தார்கள். சோதனை செய்யும் புத்தகம் என்று இதற்கு ஒன்றையும் சொல்லப் போவதில்லை. ஆனால் தன் கம்பனியைப் புகழ்ந்து எழுதும் முதலாளி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல்விகள் விரைவாகக் கடந்து போகும்.

எழுத்துக்காக வாசிப்பதென்றால் இரண்டு பேர். அந்துவான் து செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' தமிழில் வெ. ஸ்ரீராம், மதனகல்யாணி மொழிபெயர்ப்பில் இருக்கிறது, பலர் சிறுவர் கதை என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அதில் பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்பது கற்பனை மட்டுமல்ல. 1935 டிசம்பரில் அவரும் மெக்கானிக் ப்ரெவோவும் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, தண்ணீரில்லாமல் அலைந்து, கடைசியில் பெதூயின் ஒருவரால் காப்பாற்றப்பட்டார்கள். அந்த உண்மைக் கதை 1939இல் வந்த அவருடைய தபால் விமான நினைவுகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'விண்ட், சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்'. 1944 ஜூலை 31ஆம் திகதி கோர்சிக்காவிலிருந்து வேவு பார்க்கப் போனவர் திரும்பவேயில்லை. 1998இல் மார்செய் அருகே ஒரு மீனவரின் வலையில் அவருடைய கைச்சங்கிலி சிக்கியது. மற்றவர் ஏர்னஸ்ட் கான். 'ஃபேட் இஸ் த ஹன்டர்' (1961) இறந்துபோன சக விமானிகளின் நீண்ட பெயர்ப் பட்டியலோடு தொடங்கும். ஆக்ராவில் அவர் கேட்டதைவிடக் கூட எரிபொருளை நிரப்பிவிட, பாரம் தாங்காத விமானம் தாஜ்மகாலை மயிரிழையில் தாண்டிய அத்தியாயத்துக்காகவே வாங்கலாம். செந்த் எக்சுபெரி வானத்தைப் பார்த்துத் தத்துவம் பேசுவார், கான் கருவிப் பலகையைப் பார்த்துப் பயப்படுவார். நான் கானின் கட்சி.

டொம் வூல்ஃபின் 'த ரைட் ஸ்டஃப்' (1979) நல்ல புத்தகம்தான், ஆனால் ஆங்கிலம் துள்ளும். அதைப் பிந்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிபிர். அதன் கதை விமானத்தைவிட அரசியல்தான். பிரெஞ்சு மிராஜ் 5 விமானங்களை இஸ்ரேல் காசு கொடுத்து வாங்க, 1967 போருக்குப் பிறகு பிரான்ஸ் அனுப்ப மறுத்தது. மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை இஸ்ரேலுக்குக் கடத்திய சுவிஸ் பொறியியலாளர் அல்பிரெட் ஃப்ரவுன்க்னெக்ட் 1969இல் பிடிபட்டார். பிறகு அந்த உடம்பில் பிரெஞ்சு எஞ்சினுக்குப் பதில் அமெரிக்க ஃபான்டம் விமானத்தின் ஜே-79 எஞ்சினைப் பொருத்தினார்கள். அதுதான் கிபிர். எஞ்சின் கூடச் சூடாகும் என்பதால் குளிர்காற்றுக்கு வால் செட்டையின் அடியில் தனி வாய் வைத்திருக்கிறார்கள், படத்தில் பார்த்தால் தெரியும். இலங்கை விமானப் படைக்கு 1996இல் வந்தது.

தம்பி, உங்கள் வயதுக்கு அது ஒரு விமானம். உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், பொம்பர் சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடியவர்கள், படம் பார்க்கக்கூட விரும்பமாட்டார்கள். போர் விமானத்தை ரசிப்பதில் தப்பில்லை, நானும் ரசிக்கிறவன்தான். ஆனால் எங்கட ஊரில் இருந்துகொண்டு மேலேயிருந்து எழுதியதை மட்டும் வாசிப்பது அரைவாசிக் கதை. விமானி எழுதியதைச் சோதிக்கிற கடைசிச் சாட்சி கீழே நின்றவன்தான். ஜோன் ஹேர்சியின் 'ஹிரோஷிமா' (1946) சின்னப் புத்தகம், உயிர் தப்பிய ஆறு பேரின் கதை, ஆங்கிலமும் இலகு. சுவீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்டின் 'எ ஹிஸ்டரி ஒஃப் பொம்பிங்', 1911இல் ஓர் இத்தாலிய விமானி லிபியாவில் கையால் எறிந்த முதல் குண்டுகளிலிருந்து கணக்கெடுக்கிறது. லென் டெய்ட்டனின் 'பொம்பர்' (1970) நாவல். 1943 ஜூன் 31 என்ற, நாட்காட்டியிலேயே இல்லாத ஒரு நாளில் நடக்கும் ஒரே ஒரு குண்டுவீச்சு. விமானத்துக்குள் இருப்பவர்களையும் குண்டு விழும் ஜெர்மன் சிற்றூரில் இருப்பவர்களையும் மாறி மாறிக் காட்டும். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

தமிழில் மட்டும் வாசிக்க வேண்டுமென்றால் அதிகம் சொல்ல முடியாது. அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' மு. சிவலிங்கத்தின் தமிழில் எல்லா நூலகத்திலும் இருக்கும். குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படித்ததும், விமானப் படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுக்க இவர் ஒன்பதாவதாக வந்ததும் உள்ள முதற்பகுதியை வாசியுங்கள். முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். பிற்பகுதி ஏவுகணை.

புத்தகம் எடுக்கும் வழி: டாலும் ஹேர்சியும் இலங்கையில் இலகுவாகக் கிடைக்கும். மற்றவற்றுக்குச் செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சியையும் மருதானைப் பழைய புத்தகக் கடைகளையும் பாருங்கள். டொம்லின்சன் பழைய பதிப்பு, தேடித்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் 'ஷட்டர்ட் சுவோர்ட்'டையும் 'ஸ்டிக் அண்ட் றடர்'ரையும் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே இறக்குமதி விலை கட்டாது. இரண்டுமே வரும்வரை கைநூலும் விபத்து அறிக்கையும் போனிலேயே இருக்கட்டும்.